கொப்பியரும் இரண்டு தவமணிகளும்

எனக்குத் தெரிந்து கண்டி நகரத்தில் வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொல்லாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் பராமரித்த மெஷினோ காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலைகளைப் பார்க்கும். அந்தப் பொய்யை அதற்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரேதான்.

சொந்தப் பெயர் வேண்டாம். எங்கள் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், அவருக்குப் பட்டப்பெயர் கொப்பியர். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது தாண்டியவர், ஒல்லி. எதையும் இரண்டு கொப்பி வைத்திருக்காவிட்டால் அவருக்கு மூச்சு வராது. இரண்டு மூக்குக்கண்ணாடி, இரண்டு குடை, இடது கையில் இரண்டு கைக்கடிகாரம். மதியச் சாப்பாட்டுப் பார்சலும் இரண்டு. ஒன்றைச் சாப்பிடுவார். மற்றதைத் திறந்து, சோறு சோறாகத்தான் இருக்கிறதா என்று பார்த்து, திரும்பக் கட்டி, பியூன் பியதாசவிடம் கொடுப்பார். திறந்து பார்க்காத கொப்பி கொப்பியே இல்லை என்பது அவர் கட்சி. தினமும் காலையில் இரண்டு குடைகளையும் கந்தோருக்குள் விரித்துப் பார்ப்பார். வீட்டுக்குள் குடை விரித்தால் ஆகாது என்று சொன்னவர்களிடம், மழைக்குள் போய் விரியாவிட்டால் அதைவிட ஆகாது என்றார்.

இவ்வளவும் பரவாயில்லை. ஊரில் கலியாணப் பதிவு இருந்த கட்டடம் ஷெல் பட்டுப் போய்விட்டது என்று யாரோ சொல்லக் கேட்டதும், கட்டிய மனைவியையே கண்டியில் இரண்டாம் முறை பதிவுத் திருமணம் செய்துகொண்டார். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். அந்த அம்மா பேனையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்த பிறகே கையெழுத்திட்டார் என்பதைச் சாட்சி என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறேன்.

ஏன் இப்படி என்று ஒருமுறைதான் கேட்டேன். எண்பத்துமூன்றில் தமிழர்களைத் தேடி அடித்த ஆடிக் கலவரத்தில், கண்டியில் அவர் தங்கியிருந்த அறையை எரித்தார்கள். உயிர் தப்பியது, சான்றிதழ்கள் தப்பவில்லை. தான் சோதனை பாஸ் பண்ணியவன் என்பதை நிரூபிக்கப் பல வருடங்கள் அலைந்தாராம். சொல்லி முடித்ததும் இரண்டு கடிகாரத்தையும் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். பிறகு நான் கேட்கவில்லை.

எங்களுடையது தேயிலைத் தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பனியின் கண்டிக் கிளை. கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில் ஒரு மேட்டின்மேல், வெள்ளைக்கார துரை ஒருவர் கட்டிய பழைய பங்களா. நான் அதில் பதிவு கிளாக். தோட்டத்து ஆட்களின் பெயர், செக்ரோல் எனும் வேலைநாள் பதிவேட்டு இலக்கம், யார் எந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்ற விபரம் எல்லாம் தோட்டங்களிலிருந்து தாளில் வரும். நான் கணினியில் ஏற்றுவேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்பார்கள். அரை நாள் என்றால் அரைப் பேர். அங்கே பேர் விழுந்தால்தான் மனுசர் அன்றைக்கு உலகத்தில் இருந்ததாகக் கணக்கு.

கொப்பியர் இந்தப் பேர்களுக்கெல்லாம் கொப்பி எடுக்கும் சேர்வருக்குப் பொறுப்பு. அது இருந்தது பங்களாவின் பின்பக்கம், ஜன்னலே இல்லாத ஒரு கருங்கல் அறையில். அந்தக் காலத்தில் துரை மழைநாளில் செத்துப்போக, பாதை இடிந்து சவப்பெட்டி வந்து சேராமல், மூன்று நாள் அவரை அந்த அறையில்தான் வைத்திருந்தார்களாம். சேர்வரையும் அங்கேயே வைத்ததற்குக் காரணம் ஒன்றே. கந்தோரில் அதைவிடக் குளிரான இடம் இல்லை.

சேர்வருக்குப் பக்கத்தில் அலுமாரி உயரத்தில் ஒரு பெட்டி. அதற்குள் வரிசையாக டேப்கள். நடுவே ஒரு இரும்புக் கை. யாரும் தொடாமலே அந்தக் கை மெதுவாக எழும்பும், ஒரு டேப்பை உருவும், கொண்டுபோய்ச் செருகும். கிர்ர் என்று ஒரு சத்தம், பிறகு டக். பிறகு அமைதி. அந்த அமைதிதான் தாங்காது. பியதாச கதவுநிலையில், பேய் அண்டாமலிருக்கப் பிக்கு ஓதிக் கொடுக்கும் பிரித் நூல் கட்டியிருந்தான். உள்ளே ஆள் நடக்கிறது என்பது அவனுடைய உறுதியான கருத்து. கொப்பியர் அவனை ஒருநாள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், இரும்புக் கை வேலை செய்வதைக் காட்டினார். பியதாச பார்த்தான். ஆள் இல்லாமல் கை மட்டும் நடக்கிறது என்று கருத்தைத் திருத்திக்கொண்டான்.

இனி அந்தப் பொய். சேர்வர்களில் ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் பல வகை உண்டு. எங்களுக்கு பேக்கப் மென்பொருள் விற்ற கம்பனி, குறிப்பிட்ட இரண்டு வகை லினக்ஸில் மட்டுமே இது ஓடும், வேறு எதில் ஓட்டினாலும் எங்களிடம் வரவேண்டாம் என்று எழுதியே கொடுத்திருந்தது. இரண்டும் விலை கொடுத்து வாங்க வேண்டியவை. கொழும்புத் தலைமைக் கந்தோர் மென்பொருளை வாங்கியது, லினக்ஸை வாங்க மறந்தது. கொப்பியர் பல கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு, இலவச லினக்ஸ் ஒன்றைப் போட்டார். மென்பொருள் வாசலிலேயே நின்றுவிட்டது. நீ யார் என்று பார்க்க அது ஒரு சின்னக் கோப்பைத் திறக்கும். அதில் ஒரே வரி, மெஷினில் ஓடும் லினக்ஸின் பெயர். கொப்பியர் அந்த வரியை அழித்துவிட்டு, அனுமதிக்கப்பட்ட லினக்ஸின் பெயரை எழுதினார். மென்பொருள் திரும்பவும் யார் என்று கேட்டது. மெஷின் அந்தப் பெயரைச் சொன்னது. சரி, போ என்றது. மென்பொருளுக்குத் தேவைப்பட்டு அதில் இல்லாத சில உறுப்புக் கோப்புகளை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டினார். அன்றிலிருந்து ஒழுங்காக ஓடியது.

அவர் இதை விளக்கியபோது நான் சிரித்தேன். மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் ஆமி பஸ்ஸை மறித்து என்னையும் நீ யார் என்ற அதே கேள்வி கேட்டது. அன்றிரவு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. சமாதானப் பேச்சு முறிந்து யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம் அது.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கந்தோரில் இறந்தவர்கள் அச்சாவார்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். திறந்து பார்க்காத கொப்பி கொப்பியில்லை அல்லவா? அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் மூன்று மணிக்கு மெஷின் தானாக ஏதோ ஒரு பழைய டேப்பை எடுத்து, ஏதோ ஒரு தோட்டத்தின், ஏதோ ஒரு மாதத்தின் செக்ரோலை மீட்டு, என் மேசைக்குப் பக்கத்திலிருந்த பிரிண்டருக்கு அனுப்பும்படி செய்து வைத்திருந்தார். மூன்று மணியானால் பின்னறையில் கிர்ர், டக். சற்றுப் பொறுத்து என் முழங்கைக்குப் பக்கத்தில் தாள் ஊரத் தொடங்கும். பெயர் பெயராக வரும். அவர்களில் எத்தனையோ பேர் மலையில் மண்ணாகிப் போனவர்கள். இறந்ததாக எழுதி நானே மூடியவர்கள். காளியம்மா, ஒரு பேர். சின்னையா, அரைப் பேர். செத்தவர்கள் வேலைக்கு வந்து என் பக்கத்தில் வரிசையில் நிற்பதைப்போலிருக்கும். எனக்கு எதிரே இருந்த டைப்பிஸ்ட் பெண் வெள்ளிக்கிழமைகளில் மூன்று மணிக்கு முன்பாகவே தலையிடி என்று போய்விடுவாள்.

அப்படிப்பட்ட ஒரு கிழமையில், வியாழக்கிழமை காலை, பொலிஸிலிருந்து தொலைபேசி வந்தது. சிங்களத்தில் பேசினார்கள். மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெயரைச் சொல்லி, ஒரு செக்ரோல் இலக்கத்தைச் சொல்லி, தவமணி என்று ஒருத்தி அங்கே வேலை செய்கிறாளா என்று கேட்டார்கள். நான் இலக்கத்தைத் தட்டினேன். திரையில் ஒரே வரி வந்தது. பெயர், இலக்கம், இறப்பு. அந்த ஆள் இறந்து ஒன்றரை வருடமாகிறது என்றேன். மறுமுனையில் யாரையோ கூப்பிட்டார்கள். பிறகு இன்ஸ்பெக்டர் வந்து, இன்னொருமுறை சொல்லும்படி கேட்டார். இன்னொருமுறை சொன்னேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் கவுண்டருக்கு ஒருவர் வந்து நின்றார். முதல் பஸ்ஸில் வந்திருக்கவேண்டும், சேர்ட்டெல்லாம் பனி. பெயர் முருகையா என்றார். தவமணி அவருடைய மனைவி. பேராதனை ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்தவளை பஸ் நிலையத்தில் பிடித்திருக்கிறார்கள். அடையாள அட்டை இல்லை. விண்ணப்பித்து வருடக்கணக்காகியும் வரவில்லை. இருந்தது தோட்டத்து மருந்துச் சீட்டு ஒன்று. அதில் அவளுடைய இலக்கமும் எங்கள் கந்தோர்த் தொலைபேசியும் அச்சிட்டிருந்தன. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மாதத்தில் வடக்கே ஆயுதப் பயிற்சிக்குப் போனவள் என்று பொலிஸிடமிருந்த ஏதோ ஒரு பட்டியலில் தவமணி என்று ஒரு பெயர். நான் அந்த மாதம் முழுக்கக் கொழுந்து பறித்தேன் என்றாளாம். அப்போதுதான் எனக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார்கள். செத்தவளின் பெயரில் நடமாடும் ஒருத்தி என்றால் அந்த நாளில் அதற்கு ஒரே அர்த்தம்தான். திங்கட்கிழமை கொழும்புக்கு அனுப்பப்போகிறார்கள். கொழும்புக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாரும் கேட்டதில்லை, கேட்கவும் முடியாது.

முருகையா சத்தம் போடவில்லை. "ஐயா, செத்தது மேல் லயத்து வீட்டுத் தவமணிங்க. அது வயசான கெழவி. எம் பொண்டாட்டி கீழ் லயம். ரெண்டு பேருக்கும் ஒரே பேரு," என்றார்.

 அடுத்த தவமணியின் இலக்கத்தைத் தேடினேன். வயது அறுபதுக்குக் கிட்ட. உயிரோடு இருப்பதாகக் காட்டியது. போன கிழமை வரைக்கும் பேர் விழுந்திருந்தது. அதாவது இளைய தவமணி ஒன்றரை வருடமாக மலையில் கொழுந்து பறித்திருக்கிறாள். எங்கள் கணினியில் அது, அவளுடைய இலக்கம் மூடிக் கிடந்ததால், செத்துப்போனவளின் இலக்கத்தில் ஏறியிருக்கிறது. தாளில் வந்த இறப்பைத் தவறான இலக்கத்தில் போட்ட கை யாருடையது என்று அந்தக் கணத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் அந்தத் தோட்டத்துக்கு இறப்புப் பதிகிறவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்.

அதைச் சொல்லாமலே முருகையாவைக் கொப்பியரிடம் கூட்டிப்போனேன்.

கொப்பியர் எல்லாவற்றையும் கேட்டார். தோட்டத்திலிருந்த பழைய செக்ரோல் புத்தகங்களும், கணினியில் ஏற்றியபின் நாங்கள் திருப்பி அனுப்பிய தாள்களும் கூரை ஒழுகிக் கூழாகிப் போய்விட்டன. தோட்டத்துக்குப் புதிதாக வந்த மனேஜர் துரையும் கணினியைப் பார்த்துவிட்டு, செத்தவளுக்குக் கடிதம் தரமுடியாது என்றுவிட்டார். ஆட்கள் இறந்தால் அவர்களுடைய பழைய பேர்களைத் துடைத்துவிட்டு ஒரு வரி மட்டும் மிச்சம் வைக்கும்படி கொழும்பில் செய்திருந்தார்கள். ஆக, இளைய தவமணி அந்த மாதத்தில் உலகத்தில் இருந்ததற்குச் சாட்சி ஒன்றே ஒன்று. கருங்கல் அறையிலிருந்த டேப்.

"ரெண்டு பேரும் இருந்த மாசம். ரெண்டு பேரும் வரவேணும்," என்று எழுந்தார்.

பேக்கப் மென்பொருள் எழும்பவில்லை. அன்று காலையில்தான் கொழும்பு ஐ.டி. மனேஜர் அங்கிருந்தபடியே எல்லாக் கிளைகளின் மெஷின்களையும் புதுப்பித்திருக்கிறார். அந்தப் புதுப்பித்தல் கொப்பியர் எழுதிய பொய்ப் பெயரை அழித்துவிட்டு, மெஷினின் உண்மைப் பெயரைத் திரும்ப எழுதிவிட்டது. மென்பொருள் யார் என்று கேட்டது. மெஷின் எத்தனையோ நாளுக்குப் பிறகு முதல்தடவையாக உண்மையைச் சொன்னது. உன்னை எனக்குத் தெரியாது என்று மென்பொருள் கதவை மூடிக்கொண்டது. பெயரை மட்டும் மாற்றினால் போதவில்லை. புதுப்பித்தலில் உள்ளே ஒட்டியிருந்த உறுப்புகளும் கழன்றிருந்தன. அன்று பின்னேரம் மூன்று மணிக்குச் சத்தம் வரவில்லை. பிரிண்டர் ஊமையாக இருந்தது. டைப்பிஸ்ட் பெண் பழக்கத்தில் போய்விட்டாள். எனக்கு அந்த அமைதி முன்னைய சத்தத்தைவிடப் பயமாயிருந்தது.

கொப்பியர் மென்பொருள் கம்பனியின் உதவி இலக்கத்துக்கு எடுத்தார். இந்தியாவிலிருந்து ஒரு பெண் மிக இனிமையாகப் பேசினாள். எந்த லினக்ஸ் என்று கேட்டாள். நான் பக்கத்தில் நின்று, அனுமதிக்கப்பட்ட பெயரைச் சொல்லும்படி கையால் ஜாடை காட்டினேன். கொப்பியர் உண்மைப் பெயரைச் சொன்னார். அவள் இனிமை குறையாமலே மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டாள்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் அவர்மீது அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. ஒரு மனுசி பொலிஸ் கூட்டுக்குள் இருக்கிறாள், ஒரு சொல் பொய் சொன்னால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன்.

"பொய் சொன்னா அந்தப் பிள்ளை அந்த லினக்ஸுக்குரிய வைத்தியத்தைச் சொல்லும் தம்பி. இந்த மெஷின் அது இல்லையே. செய்தா டேப் அழிஞ்சுபோகும்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "மெஷினுக்கு மெஷின் பொய் சொல்லட்டும். மனுசருக்கு மனுசர் சொன்னா வைத்தியம் பிழைக்கும்," என்றார்.

சனிக்கிழமை விடுமுறை. நாங்கள் இருவரும் வந்தோம். பியதாசவும் வந்து கதவுக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டான், உள்ளே வரமாட்டேன் என்ற நிபந்தனையில். வெளியே பகல் முழுக்கப் பனிமூட்டம். கொப்பியர் பழைய உறுப்புகளை இரண்டு இடத்தில் கொப்பி எடுத்து வைத்திருந்தார் என்று சொல்லவேண்டியதில்லை. ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்டினார். பத்து மணிக்கு மின்சாரம் போனது. பன்னிரண்டுக்கு வந்தது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். இரண்டு தரம் மென்பொருள் எழும்பி, இரண்டு தரமும் விழுந்தது. பின்னேரமாகியும் அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரண்டாவது பார்சலைத் திறந்து பார்க்க மறந்தது அன்றைக்கு மட்டும்தான்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னதாக மென்பொருள் எழும்பி நின்றது. கொப்பியர் நாற்காலியில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எந்த டேப் என்று பட்டியலில் தேடவேண்டும் என்று சொல்லி வாயை மூடவில்லை, இரும்புக் கை அசைந்தது.

அவர் இன்னும் விசைப்பலகையில் கை வைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை மெதுவாக மேலே போனது, ஒரு வரிசையின் முன்னால் நின்றது, யோசிப்பதுபோல் கொஞ்சம் கீழே இறங்கியது, ஒரு டேப்பை உருவியது. கிர்ர். டக். கதவுக்கு வெளியே பியதாசவின் கதிரை விழுந்த சத்தம் கேட்டது. முன் கந்தோரில், பூட்டிய இருட்டுக்குள், என் பிரிண்டர் பேசத் தொடங்கியது.

நான் போய்த் தாளை எடுத்தேன். மடுல்கெல்லைப் பக்கத்து அதே தோட்டம். அதே மாதம். தவமணி என்று இரண்டு வரி, ஒன்றின்கீழ் ஒன்று. இரண்டு இலக்கம். இரண்டு பேருக்கும் பேர் விழுந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நடக்காமல் போன வேலை வரிசையில் காத்திருந்தது, மென்பொருள் எழும்பியதும் விட்ட வேலையைச் செய்தது என்று கொப்பியர் விளக்கினார். அது எனக்கும் விளங்கியது. எத்தனையோ தோட்டத்தில், எத்தனையோ மாதத்தில், அதற்கு ஏன் இந்தத் தாள் அகப்பட்டது என்று கேட்டேன். அதற்கு அவர் தற்செயல் என்று சொல்லவில்லை.  தாளை வாங்கிப் பார்த்தார். 

பிறகு இன்னொன்றையும் தேடி எடுத்தார். இறப்பை எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் எந்த இலக்கத்தில் பதிந்தார் என்று மெஷின் எழுதிவைத்த குறிப்பு. அதை அவர் அச்சடிக்கும்போது நான் தேநீர் கொண்டுவரப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லாம் மடித்து உறைகளில் போட்டாகிவிட்டது.

ஞாயிறு காலை பொலிஸ் நிலையத்துக்குப் புறப்பட்டோம். கையில் இரண்டு உறை. "ரெண்டும் ஒரே பஸ்ஸில போகக்கூடாது. நீர் முன்னால போம், நான் அடுத்ததில வாறன்," என்றார். ஒரு பஸ்ஸுக்கு ஏதும் நடந்தால் மற்றது போய்ச் சேருமாம். நான் ஜன்னலோரம் இருந்து உறையைப் பிரித்தேன். செக்ரோல் தாள்கள் இருந்தன. கடைசியாக அந்தக் குறிப்புத் தாள். பதிந்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

எதிர்பார்த்ததுதான். இருந்தும் அச்சில் பார்ப்பது வேறு. கிழித்து ஜன்னலால் விடலாம் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கமாட்டேன். வேலை போகும், பொலிஸ் வேறு என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு ஏன் உயிரோடிருக்கிறவளைச் சாகடித்தாய் என்று கேட்கும். ஆனால் கிழித்து என்ன பயன்? அடுத்த பஸ்ஸில் கொப்பியர் வந்துகொண்டிருக்கிறாரே. வேறு யாராவது என்றால் இந்தத் தாளை ஒரே பிரதியோடு விட்டிருப்பார்கள், அவர் விடமாட்டார். தாளை மடித்து உள்ளே வைத்தேன்.

நிலையத்தில் தவமணியைக் கூட்டிவந்து ஒரு வாங்குப் பலகையில் இருத்தினார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று நாள் கசங்கிய சேலை. என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, கந்தோர் ஐயாவா என்று கேட்டாள். தலையாட்டினேன்.

"நான் செத்துப்போனதா எழுதியிருக்கீங்களாமே. மூணு நாளா எல்லாரும் அதையே சொல்றாங்க. ராத்திரியில எனக்கே சந்தேகமாப் போச்சுங்க," என்றாள்.

அவள் கேலியாகச் சொல்லவில்லை. சந்தேகமாகத்தான் சொன்னாள். சொல்லும்போது தன் கையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் கொப்பியரின் தாள்களைப் புரட்டினார். கொழும்பு மனேஜரோடு தொலைபேசியில் பேசியதாகவும், அந்த மெஷின் அங்கீகரிக்கப்படாதது, கம்பனி அதற்குப் பொறுப்பில்லை என்று அவர் சொன்னதாகவும் சொன்னார். உண்மைதானா என்று கேட்டார். உண்மை என்றார் கொப்பியர். பிறகு யாரும் கேட்காமலே, அந்த மெஷின் வேறொரு பெயரில்தான் வேலை செய்கிறது, அந்தப் பெயரைக் கொடுத்தது நான்தான் என்று நல்ல சிங்களத்தில் விளக்கினார்.

இன்ஸ்பெக்டர் பேனையைக் கீழே வைத்தார். இந்தக் காலத்தில், பொலிஸ் நிலையத்துக்குள் வந்து, பொய்ப் பெயரில் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறேன் என்று ஒரு தமிழர் தாமாகச் சொல்வதை அவர் அதுவரை கேட்டிருக்கமாட்டார். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் துவக்கை மறுதோளுக்கு மாற்றினான். 

கொப்பியர் அசையவில்லை. பெயர்தான் பொய், உள்ளே எழுதியிருப்பது பொய்யில்லை என்றார். சோதித்துப் பார்க்கலாம் என்றார். தாளை அவளுக்குக் காட்டாமல், அந்த மாதத்தில் முழுப் பேர் விழாத நாள் ஏதும் உண்டா என்று அவளிடமே கேட்கச் சொன்னார்.

கேட்டார்கள். தவமணி யோசிக்கவே இல்லை. குளவி கலைந்து கொட்டிய நாள் என்றாள். தன்னோடு இன்னும் நான்கு பேருக்குக் கொட்டியது, ஐந்து பேரையும் கொழுந்து லொறியில் ஏற்றி மருந்துக்கு அனுப்பினார்கள், ஐந்து பேருக்கும் அரைப் பேர்தான் போட்டார்கள், அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது என்றாள். நான்கு பேரின் பெயரையும் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் தாளில் விரலை வைத்து இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது. ஒரே நாளில் ஐந்து அரைப் பேர். அவள் சொன்ன நான்கும், அவளும்.  இரண்டு வருடத்துக்கு முந்திய குளவிகள் அந்த மேசைமீது வந்து நின்றதுபோல எனக்குத் தோன்றியது.

அப்படியானால் இவளைச் சாகடித்தது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அந்தப் பிழை எப்படி வந்தது என்று தெரியாமல், யாரும் புகுந்து மாற்றவில்லை என்று எப்படி நம்புவது என்று கேட்டார்.

கொப்பியர் தன் உறையைத் திருப்பிக் கவிழ்த்தார். செக்ரோல் தாள்கள்தான் இருந்தன. குறிப்புத் தாள் இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், கையில் இரண்டு கடிகாரம் இருக்கும்போது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. குடையிலிருந்து கலியாணம் வரை எல்லாவற்றையும் இரண்டாக வைத்திருந்த மனிதர், அந்த ஒரு தாளை மட்டும் ஒன்றாகவே அச்சடித்து, என் உறையில் போட்டு, என்னைத் தனியாகப் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்.

நான் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். "நாந்தான் சேர். பேரு ஒண்ணா இருந்துச்சு, இலக்கத்தப் பார்க்காமப் போட்டுட்டேன்," என்று தமிழில்தான் வந்தது. கொப்பியர் சிங்களத்தில் சொன்னார், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்.

வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். வெகுநேரம் திட்டினார்கள். நான்கு மணிபோலத் தவமணியை விட்டார்கள். அவள் நேரே ஊருக்குப் போகச் சம்மதிக்கவில்லை. "மொதல்ல என்னைய உசுரோட எழுதுங்க. பார்த்துட்டுத்தான் போவேன்," என்றாள். அந்த ஞாயிறு பின்னேரம் கந்தோரைத் திறந்து, அவளும் முருகையாவும் என் முதுகுக்குப் பின்னால் நிற்க, நான் அந்த வரியைத் திருத்தினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. திரையில் தன் பெயர் எது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்து, கொஞ்சநேரம் எடுக்காமல் இருந்தாள். பிறகு இனி கடைசி பஸ் தப்பிவிடும் என்று புறப்பட்டார்கள்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதிவிலிருந்து எடுத்துத் தபால் பகுதியில் போட்டார்கள். கொப்பியரின் மெஷினையும் கொழும்பு விடவில்லை. அங்கீகரிக்கப்பட்ட லினக்ஸோடு, உண்மைப் பெயரோடு, புது மெஷின் ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமைகளில் அது எதையும் திறந்து பார்ப்பதில்லை. பியதாச மட்டும் பிரித் நூலை அவிழ்க்கவில்லை.

ஏன் அந்தத் தாளை ஒன்று மட்டும் அடித்தீர்கள் என்று, அவர் ஓய்வு பெற்றுப் போகிற நாளில் கேட்டேன். கொப்பியர் பதில் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாதவர் பேசாமல் இருந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அதற்குள் எனக்குப் பழகியிருந்தது.

யுத்தம் முடிந்த பிறகு அவரும் அந்த அம்மாவும் மகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார்கள். போன மாதம் மடவளைச் சந்தியில் சந்தித்த பழைய கந்தோர்க்காரர் ஒருவர், கொப்பியர் கண்ணை மூடிவிட்டாராம், கேள்விப்பட்டீர்களா என்றார். அவருக்கும் யாரோ சொன்னதுதானாம். கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள் என்று மகளின் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதித் தந்தார்.

அந்தத் துண்டு என் மேசையில் இருக்கிறது. மனைவி இரண்டு தரம் கேட்டுவிட்டாள். நான் இன்னும் அழைக்கவில்லை. அழைக்காதவரைக்கும் அவர் அங்கே எங்கேயோ, பனி கொட்டுகிற ஒரு தெருவில், மகள் எவ்வளவு சொல்லியும் கேளாமல் இரண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருப்பார். நடக்கட்டும்.